எமீமா எழுந்து நிற்கும் ஞாயிறு

காணிக்கைப் பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருக்கிறது, அது முடிந்ததும் எமீமாவின் பெயரை வாசிப்பார்கள், வாசித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், போவேனா, போவேன், நேற்றே முடிவு செய்தாயிற்று, செருப்பைக்கூட மற்றச் செருப்புகளோடு விடாமல் வாசலுக்கு நேராகத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவள் வாசலில் நின்று செருப்பைத் தேடினால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை. எமீமா எனக்கு வலப்பக்கம் இருக்கிறாள், என் அக்கா, மடியில் பிள்ளை, வெள்ளைச் சேலையில் முக்காடு, அம்மா பந்தி நாளுக்கென்றே பெட்டிக்குள் வைத்திருக்கும் சேலைகளில் ஒன்று, அந்துருண்டை வாசம் அடிக்கிறது, கோயில் முழுக்கவே அந்துருண்டை வாசம்தான், வெள்ளை உடுத்த பெண்கள் எல்லாரும் பெட்டிக்குள்ளிருந்து நேராக எழுந்து வந்ததுபோல. அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்பதை நாங்கள் பந்தி என்போம். எமீமா இசக்கிராஜ் அத்தானைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட வாரமே கமிட்டி கூடி அவளைப் பந்தியிலிருந்து நீக்கிவிட்டது, திரும்பச் சேர வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் வந்து நின்று, புறமதஸ்தனை மணந்த குற்றத்துக்காக மனஸ்தாபப்படுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். குற்றம். அந்தக் குற்றம் இப்போது வெளியே வாதாம் மரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்து பால் புட்டி இருக்கிற பையை வைத்துக்கொண்டிருக்கிறது. கோபுரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள், ஐயர் மைக்கில் இருமினால் டீக்கடை வரை கேட்கும், அவர் கேட்பார், தன் பெண்டாட்டி தன்னைக் கட்டிக்கொண்டதற்காக மனம் வருந்துகிறாள் என்று டீக்கடைக்காரரோடு சேர்ந்து கேட்பார், கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு சிரித்தபடி எங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார், அந்தச் சிரிப்பை நான் பார்க்க மாட்டேன், அதற்கு முன்னால் நடந்தே போய்விடுவேன்.

நேற்று எமீமாவிடம் கத்தியாயிற்று, முந்தாநாளும் கத்தியாயிற்று, ஏன்க்கா, எதுக்கு நிக்கணும், நீ என்ன திருடினியா, யாரை ஏமாத்தினே, நூறு பவுன் கேட்டு வாங்கிட்டு மகனுக்குக் கட்டி வச்சாரே ஆசீர் சித்தப்பா, அவர்தானே சபைச் செயலர், அவர்தானே நாளைக்கு உன் பேரை வாசிக்கப்போறார், அவரை யார் நிக்க வச்சா, என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க அவள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள், எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "ஏட்டி கெத்சி, நீ வேண்டாம்னு பட்டினி கிடக்கே. எனக்குத் தராம வச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா?" பட்டினி. அவளை நீக்கின நாளிலிருந்து நானும் பந்திக்குப் போகவில்லை, அது என் போராட்டம், வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன், அம்மா ஒவ்வொரு தரமும் தலையைக் குனிந்துகொண்டு என் முழங்காலைத் தாண்டிப் போவாள், திரும்பி வரும்போதும் அப்படியே, மூத்தவளுக்குத் தரமாட்டேங்காங்க, இளையவள் வாங்க மாட்டேங்கா, நான் என்ன பாவம் செஞ்சேன் என்பாள், அப்பா மஸ்கட்டிலிருந்து ஃபோனில் கோபப்படுவார், ஃபோனை வைத்ததும் அவர் கோபமும் முடிந்துவிடும். ஹாஸ்டலில் என் அறைத்தோழி தமிழரசி இதைக் கேட்டுச் சிரித்தாள், அவள் அப்பா கோயில் என்றாலே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர், அவளிடம் நான் முதலில் ஐயர் என்று சொன்னபோது பூணூல் போட்டவரா என்று கேட்டாள், இல்லைடி, எங்க ஊரில் குருவானவருக்கு அதுதான் பேர் என்று விளக்க வேண்டியிருந்தது. நீதான் அந்த அப்பத்தைச் சாப்பிடவே மாட்டேங்கிறியே, அப்புறம் அதை யாருக்குக் குடுத்தா உனக்கென்ன, நம்பிக்கை இல்லைன்னா வெளியே வா, இருக்குன்னா உள்ளே போ, வாசல்ல நின்னு ஏன்டி சண்டை போடுறே என்றாள். வாசலில் நின்றுதான் சண்டை போட முடியும் தமிழரசி, உள்ளே போனவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள், என்று உடனே சொல்லிவிட்டேன், அவளும் கையைத் தட்டினாள், ஆனால் அன்றைக்குப் படுத்தபிறகு அவள் கேள்வி மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது, என் பதில் எப்போதோ இறங்கிப் போய்விட்டது.

ஒரு சரணம் முடிந்துவிட்டது. காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வருகிறது, எமீமா போடுகிறாள், காணிக்கை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், பந்தியிலிருந்து நீக்கினவளின் காணிக்கைக்கு நீக்கம் இல்லை, இதை வியாழக்கிழமை ஐயரிடமே சொன்னேன், புது ஐயர், வந்து ஆறேழு மாதம் இருக்கும், என்னைவிடப் பத்து வயசு மூத்தவராக இருந்தால் அதிகம், அவர் குடியிருக்கும் குருமனை வாசலில் துருப்பிடித்த சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், நான் நின்றபடியே பேசினேன், ஐயரம்மா மோர் கொண்டுவந்து வைத்தார்கள், குடிக்காமல் பேசினேன். கிருபை இலவசம்னு பிரசங்கம் பண்றீங்க, இவளுக்கு மட்டும் ஏன் டிக்கெட் கேக்கிறீங்க, பாவம்னா என்ன, கமிட்டி தீர்மானமா, நாற்காலி போட்டு மேலே உக்கார்ந்திருக்கிறவங்க கீழே நிக்கிறவங்களைப் பார்த்துச் சொல்ற பேரா, எல்லாம் கேட்டேன், கையை நீட்டிக் கேட்டேன், அவர் ம் என்றார், செயினைச் சுற்றினார், இன்னொரு ம், கடைசியில் எண்ணெய்க் கையோடு எழுந்து, "பாப்போம்மா, மோரைக் குடிச்சிட்டுப் போங்க" என்றார். பாப்போம். கோழை என்று நினைத்தேன், இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன், அதோ பீடத்துக்குப் பக்கத்தில் அங்கியைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்க்கிறார், கமிட்டி எழுதிக் கொடுத்தால் தன் பெயரையே மாற்றிக்கொள்வார். பிள்ளை என் துப்பட்டாவை இழுக்கிறான், விடுடா, சித்தி இப்போது எழுந்து போகவேண்டும், உன் பேரையும் சொல்லப்போகிறார்களோ என்னவோ, உன்னையும் சேர்த்துத்தானே மனஸ்தாபப்பட வேண்டும், நீ அந்தக் குற்றத்தின் மூக்கோடு பிறந்திருக்கிறாய். எமீமாவின் கை ஜில்லென்று இருக்கிறது, இவ்வளவு புழுக்கத்தில், விரலைக் கோத்தபோதுதான் தெரிந்தது, பயப்படுகிறாள், இவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. பந்தியில் சேர்க்கிற திடப்படுத்தல் அன்றைக்கு, பேராயர் தலையில் கை வைத்த பிறகு, முதன்முதல் பந்தியில் பக்கத்தில் முழங்காலில் இருந்தாளே, அப்பம் என் மேல்வாயில் ஒட்டிக்கொண்டது, காகிதம்போல மெல்லிய வட்டம், நாக்கால் சுரண்டலாமா, கடவுளை நாக்கால் சுரண்டினால் பாவமா, விரலை விட்டால் அதைவிடப் பாவமா, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, எமீமா முக்காட்டுக்குள்ளிருந்து, "எச்சி ஊறட்டும்ட்டி, தானா கரையும்" என்றாள். அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. அவளுக்கும் ஒட்டியிருக்கும்.

கடைசி வரியை இழுக்கிறார்கள், ஆர்மோனியம் அவர்களுக்கு முன்பே முடித்துவிட்டது, ஆசீர் சித்தப்பா எழுந்து வாசிப்பு மேசைக்குப் போய்விட்டார், வெள்ளை வேட்டி, கையில் தாள், தொண்டையைச் செருமுகிறார், எமீமா என் விரலை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள், பிள்ளையோடு எழமுடியாமல் பெஞ்சைப் பிடிக்கிறாள், நான் எழுந்துவிட்டேன், எழுந்தேவிட்டேன், வாசல் நேராகத்தான் இருக்கிறது, என் செருப்பு தெரிகிறது, "சபையாரெல்லாரும் முழங்காற்படியிட்டு, நம்முடைய பாவங்களை அறிக்கை செய்வோமாக." ஐயரின் குரல். என்ன இது, இது பிறகல்லவா வரவேண்டும், முதலில் எமீமா, பிறகுதானே பொது அறிக்கை, கோயில் முழுக்கச் சரசரவென்று வெள்ளைச் சேலைகள் இறங்குகின்றன, பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன, யாரும் யோசிக்கவில்லை, அந்த வாக்கியம் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களின் முழங்கால் தானாக மடங்கிவிடும், ஆசீர் சித்தப்பா தாளை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார், வேறு வழி இல்லை, மேசைக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில் தரையிலேயே முழங்காலில் இறங்குகிறார். இவ்வளவு பெரிய கோயிலில் இப்போது நிற்கிறது நான் ஒருத்திதான். எமீமாவை நிற்கவைக்கக்கூடாது என்று சண்டை போட்டவள் தன்னந்தனியாகச் சபைக்கு நடுவில் நிற்கிறேன், குற்றவாளி மாதிரி, போ கெத்சியா, போ, இதுதான் நேரம், இப்போது போனால் எல்லாரும் பார்ப்பார்கள், ஆனால் எதற்காகப் போகிறேன், இன்னும் யாரும் ஒன்றும் செய்யவில்லையே, துப்பட்டாவைக் கீழிருந்து யாரோ இழுக்கிறார்கள், எமீமா, "ஏட்டி, இவனைப் பிடி, முழங்கால் போட முடியல," என்று பிள்ளையைத் தூக்கி நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டேன், நீட்டினால் வாங்காமல் என்ன செய்வது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி எப்படி வெளிநடப்பு செய்வாள், அவன் கனக்கிறான், இறங்கிவிட்டேன்.

நாங்கள் பாவம் செய்தோம் என்கிறார்கள் எல்லாரும் ஒரே குரலில், நானும் சொல்கிறேன், வாய் சொல்கிறது, இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொருவருக்குப் பங்கு வைத்துவிடுவேன். எண்ணத்தால் என்றால் அது முன் பெஞ்சுக்காரர்களுக்கு, வீட்டு வேலைக்கு வரும் பாக்கியத்தைத் தனித் தம்ளரில் குடிக்க வைத்துவிட்டு இங்கே வந்து பீடத்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பவர்களுக்கு, சொல்லால் என்றால் எமீமா வயிற்றுப்பிள்ளையோடு வந்தபோது காதில் விழும்படி ச்சு கொட்டினவர்களுக்கு, செயலால் என்றால் சந்தேகமே இல்லாமல் ஆசீர் சித்தப்பாவுக்கு, நூறு பவுனோடு. எல்லாம் கொடுத்து முடித்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது, சுத்தமாக எழுந்துவிடுவேன். பிள்ளை என் துப்பட்டா முனையை வாயில் வைத்துச் சப்புகிறான், ஈரம் தோளுக்கு வருகிறது. ஐயர் பாவமன்னிப்பைக் கூறுகிறார், கை உயர்த்தி, எல்லாருக்கும் மேலாக, எமீமாவின் முக்காட்டுக்கு மேலாகவும்தான், அவள் நெற்றி முன் பெஞ்சின் பலகையில் இருக்கிறது. முடிந்ததா. ஆசீர் சித்தப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு பீடத்தை நோக்கிப் போகிறார், போய் ஐயரின் காதில் ஏதோ சொல்கிறார், ஐயர் குனிகிறார், மைக் அவர் கழுத்துப்பட்டையில் குத்தியிருக்கிறது, அதை யாரும் நினைக்கவில்லை, அவர்கூட நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. "அந்தப் பிள்ளை காரியத்தை விட்டுட்டீங்களே ஐயா." குழாயில் கேட்கிறது, கோபுரத்தில் கேட்கிறது. "எதை விட்டேன் அண்ணாச்சி? இப்பதான எல்லாரும் அறிக்கை பண்ணினோம். அவளும் முழங்கால்லதான இருந்தா." "அது பொது அறிக்கை. இது தனியாச் சொல்ல வேண்டியதுல்லா." "தனியாவா?" ஐயர் கேட்கிறார், சைக்கிள் செயினைச் சுற்றிப் பார்ப்பதுபோல. "சரி, அப்படின்னா வரிசையா வச்சிக்கிடுவோம். மொதல்ல நான் நிக்கேன், அடுத்து நீங்க நில்லுங்க, பொறவு கமிட்டி, அந்தப் பிள்ளை கடைசியா நிக்கட்டும். மத்தியானம் ஆயிரும், பரவாயில்லையா?"

யாரோ ஒருவர் சிரித்தார், ஆண்கள் பக்கம், பிறகு பாடகர் குழுவில் ஒரு பெண், பிறகு அது கோயில் முழுக்க ஓடியது, வாயைப் பொத்திக்கொண்டு, முக்காட்டுக்குள், வெள்ளைச் சேலைகளின் தோள்கள் குலுங்கின, ஆசீர் சித்தப்பா திரும்பும்போதுதான் தன் குரல் ஊருக்கே கேட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது, காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன, தாளை மடித்தார், மறுபடி மடித்தார், சட்டைப்பைக்குள் வைக்கத் தெரியாமல் வைத்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன ருசி. உடம்பு முழுக்க இறங்கியது, அல்வா மாதிரி, அந்த மனுஷனை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வையுங்கள், சபைக்கு முன்னால், எல்லாரும் பார்க்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம், என்று என் மனசு கெஞ்சுகிறது, எனக்கே கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். ஐயோ. எமீமாவை எதிலிருந்து காப்பாற்ற வந்தேனோ அதையே கையில் வைத்துக்கொண்டு, யார் தலையில் போடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பங்கு வைத்ததில் ஒன்று மிஞ்சிவிட்டது, யாருக்கும் தள்ளிவிட முடியவில்லை, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி எனக்கு மட்டும் பொருந்துகிறது. இதை ஒத்துக்கொள்ள இத்தனை கோபம் ஏன் வருகிறது, வாதத்தில் தோற்றதுபோல, ஆனால் யாரும் வாதாடவில்லையே, மன்னிப்புக்கூட ஏற்கெனவே சொல்லியாயிற்று, நான் கேட்பதற்கு முன்னால், நான் துப்பட்டா ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் போனது என்னையும் சேர்த்துத்தான் போயிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம். இப்படி முன்கூட்டியே கொடுத்துவைத்தால் ஒருத்தி எப்படிச் சண்டை போடுவாள்.

வரிசை போகத் தொடங்கிவிட்டது, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஒவ்வொரு பெஞ்சாகக் கை காட்டிக்கொண்டு வருகிறார், முன்னால் மூன்று பெஞ்ச், பிறகு நாங்கள். எமீமாவுக்குத் தருவார்கள், அது தெரிந்துவிட்டது, கையைப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறாள், வலது கையை இடது கை மேல் வைத்துப் பழகுகிறாள், மறந்துபோய்விடுமா அது. என் கோரிக்கை நிறைவேறிவிட்டது. வேலைநிறுத்தம் செய்தவளின் கோரிக்கை நிறைவேறினால் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதுதானே முறை, ஆனால் உட்கார்ந்திருக்கிறேன், வேறு ஒன்று தலையை நீட்டுகிறது, இவ்வளவு நாளும் அது எமீமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, நீ போகாதது அவளுக்காக மட்டும்தானா. போனால், கையை நீட்டினால், அங்கே ஒன்றும் இல்லையென்றால். வெறும் கோதுமை மாவு, வெறும் திராட்சை ரசம், தலைக்கு மேல் வெறும் மின்விசிறி. போராட்டம் என்று பேர் வைத்துக்கொண்டால் அதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், நம்புகிறேனா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டுக்கொள்ள மாட்டேன், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கலாம். தமிழரசி, உன் மீன்முள் இதுதான். ஆனால் ஹாஸ்டல் பஸ் பாலத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது இயேசுவே என்றுதானே கத்தினேன், கமிட்டி இல்லை, ஆசீர் சித்தப்பா இல்லை, வாதம் ஒன்றும் இல்லை, அந்த ஒரு சொல்தான் உள்ளேயிருந்து வந்தது, இறங்கின பிறகு வெட்கமாக இருந்தது, அது நம்பிக்கையா பழக்கமா, கண்டுபிடித்துவிட்டுத்தான் போகவேண்டுமா, கண்டுபிடித்தவர்கள்தான் இங்கே வரிசையில் நிற்கிறார்களா, அம்மா கண்டுபிடித்தாளா. கோயில்பிள்ளை கை காட்டிவிட்டார். அம்மா எழுந்தாள், எமீமா எழுந்தாள், வழக்கம்போல அம்மா என் முழங்காலைத் தாண்டக் காலை எடுக்கிறாள், எமீமா பின்னால் நின்று, "ஏட்டி, வாரியா இல்லையா? பிள்ளை உன்கிட்டல்லா இருக்கான், அவனைத் தூக்கிட்டாவது வா," என்கிறாள், கோயிலுக்குள் பேசுகிற குரலே இல்லை, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். அம்மாவின் கால் அந்தரத்தில் நிற்கிறது. எழுந்தேன்.

பீடத்தின் முன்னால் மரச்சட்டம், பித்தளைப் பூண், முழங்காலுக்குச் சிவப்பு மெத்தை, கடைசியில் எமீமாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு இடம்தான் இருந்தது, எமீமாவுக்கு அந்தப் பக்கம் ஆசீர் சித்தப்பா, வேறு யார் இருப்பார்கள், கேட்காமலே கொஞ்சம் தள்ளிக்கொண்டார், "இரும்மா, இடம் இருக்கு," என்றார் வாய்க்குள். வழுக்கையில் வேர்வை மணி மணியாக நிற்கிறது, சட்டத்தின் மேல் அவர் கை, தடித்த மோதிரம், பிள்ளை எமீமாவைத் தாண்டி அந்த விரலை எட்டிப் பிடித்துவிட்டான், இசக்கிராஜின் மகன், இறுக்கிப் பிடித்துவிட்டான், சித்தப்பா உருவிக்கொள்ளவில்லை. உருவியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஐயர் தட்டோடு வரும்போது ஒரு கை பிள்ளையிடம் இருக்க, மற்றக் கையை மட்டும் சித்தப்பா நீட்டினார், அப்படி ஒற்றைக் கையால் வாங்கக்கூடாது என்று வாலிபர் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், ஐயர் அந்த ஒற்றைக் கையிலேயே வைத்தார். பிறகு எமீமா. அவள் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும் சொல்வதில்லை, ஐயர் சொன்னார், எமீமா, இது உனக்காக என்று, கழுத்துப்பட்டையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது, வாதாம் மரத்தடியில் கேட்டிருக்கும், எந்தக் குற்றமும் ஒட்டாமல் பேர் மட்டும், கட்டிக்கொண்டவரின் காதுக்கு. எமீமா தலையைக் குனிந்துகொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள், வாயை மூடிக்கொண்டு. அடுத்து என் முன்னால் அந்த அங்கி. எண்ணெய்க் கறை நகத்தில் இன்னும் இருக்கிறது, கழுவினாலும் போகாது அது. கோழை என்று நினைத்தேனே, சொல்ல வேண்டும், பிறகு, மோர் குடிக்கும்போது சொல்லிவிட வேண்டும். இது உனக்காக. ஆமென் என்றேன், கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிற குரல் வந்துவிட்டது, கோபுரத்துக்கே போய்விட்டது, அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள், ஐயரின் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. நாக்கில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது, அதே இடத்தில், மேல்வாயில், காகிதம்போல, சுரண்டவில்லை, பிள்ளை இந்தக் கையில் கனக்கிறான், எமீமாவின் தோள் அந்தப் பக்கம் இடிக்கிறது, வாசலில் என் செருப்பு மட்டும் தனியாக வெயிலில் கிடக்கும், இந்நேரம் நன்றாகச் சுட்டிருக்கும், போடும்போது துள்ளப்போகிறேன், சுடட்டும், எச்சில் ஊறட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை, ஓரம் லேசாகிவிட்டது, கரைகிறது.